பழங்காசு தேடும் தம்பிமாருக்கு

மண்ணைக் கிளறிப் பழங்காசு தேடுவது தீங்கற்ற பொழுதுபோக்கு என்ற எண்ணத்தோடு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஊருக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு ‘அந்த மேட்டில் தேடு, இந்தக் குளக்கட்டில் தேடு’ என்று விரல் நீட்டிக் காட்டும் உள்ளூர்ப் பெரியவர்களுக்காகவும் எழுதுகிறேன். உண்மையைச் சொல்வதானால் இரண்டாவது தரப்பார் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். பிள்ளைகளுக்குத் தெரியாது. இவர்களுக்குத் தெரியும்.

மெட்டல் டிடெக்டர் என்ற கருவியை அறியாத வாசகர் இருக்க முடியாது. எங்கள் தலைமுறைக்கு அது சோதனைச்சாவடியில் உடம்பைத் தடவிய கருவி. அதன்பின் மிதிவெடி அகற்றியவர்கள் வெய்யிலில் முழந்தாளிட்டு நகர்த்திக்கொண்டு போன கருவி. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கோ அது கிரிக்கெட் மட்டையைப்போல ஒரு விளையாட்டுச் சாமான். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் உழுத வயல்களில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்போர் ஆயிரக்கணக்கில் உண்டு. யூரியூப்பில் அவர்களின் காணொளிகளைப் பார்த்து ஆசை பற்றிக்கொள்கிறது. ஆசையில் பிழை சொல்ல நான் வரவில்லை. ஒரு பழங்காசை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது உண்டாகும் சிலிர்ப்பை நானும் அறிவேன்.

என் தங்கையின் மகன் அப்படித்தான் ஒரு கருவியோடு வாழைச்சேனைக்கு வந்து இறங்கினான். தொடக்கநிலையாளர்களுக்கான மலிவுக் கருவி. “மாமா, இங்கே சல்லி எங்கே கிடைக்கும்?” என்று கேட்டான். அவன் தாய் கற்றுக்கொடுத்த சொல் அது. மட்டக்களப்புப் பகுதியில் நாங்கள் பணத்தைச் சல்லி என்றுதான் சொல்வோம். துட்டு என்ற சொல்லை ஒல்லாந்தரின் செப்புக் காசின் பெயரோடு சேர்த்துச் சொல்வாரும் உண்டு. நாக்கில் இருக்கும் பழங்காசுகளைத் தேட எந்தக் கருவியும் தேவையில்லை!

நிற்க. அந்தக் கருவியால் என்னதான் முடியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நுனியிலுள்ள வட்டச் சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாய்ந்து மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் சிறு சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவற்றின் எதிரொலியைச் சுருள் உணர்ந்து கூவுகிறது. அவ்வளவுதான். காசுக்கும் சோடா மூடிக்கும் வேறுபாடு அதற்குச் சரிவரத் தெரியாது. தொடக்கநிலைக் கருவியில் ஒரு தனிக் காசு ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்துக்குள் கிடந்தால்தான் அகப்படும். உப்புநீரில் ஊறிய மணலும் மின்னைக் கடத்துவதால், கடலோரத்திலும் வாவிக் கரையிலும் அது காரணமில்லாமலே கூவிக்கொண்டிருக்கும். பழைய காலத்துக் காசுகள் பல மிகச் சிறியவை. இலங்கையில் ஏராளமாகக் கிடைத்திருக்கும் பிற்கால உரோமச் செப்புக் காசுகள் ஒரு கிராம் அளவே நிறையுள்ளவை, சுண்டுவிரல் நகத்தின் அகலம். உப்பு மண்ணில் அவை அரித்துப் பச்சை மாவாகிக் கிடக்கும். அவற்றைக் கண்டெடுப்பதைவிட மண்வெட்டியால் நொறுக்கிவிடுவது எளிது.

பேத்தாழைப் பக்கமும் பாசிக்குடாக் கரையிலுமாக மூன்று நாள் அலைந்ததில் அவனுக்குக் கிடைத்தவை: போத்தல் மூடிகள், வலையின் ஈயக் குண்டுகள், துருப்பிடித்த ஆணிகள், 2004 இன் ஆழிப்பேரலை எந்த வீட்டுக் குசினியிலிருந்து அள்ளிவந்ததோ தெரியாத ஒரு கரண்டி, இரண்டு வெற்றுத் தோட்டாக் கோதுகள், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த ஒரு சதக் காசு. அந்தச் சதத்தை அவன் புளி போட்டு விளக்க எடுத்தபோது தடுத்தேன். பச்சை படிந்த மேற்பரப்பே காசின் தோல். புளியும் தேசிக்காயும் போட்டு உரித்தால் எழுத்தும் அதோடு போகும். தொடக்கநிலையாளர்கள் எல்லாரும் செய்யும் முதற் கொலை இதுதான்.

நான் சொல்லவந்தது வேறு. கருவியின் ‘பீப் பீப்’ ஓசை எழுந்ததும் அயல் வளவில் இருந்த ஒரு மூதாட்டி ஓடிவந்து, முற்றத்தில் விளையாடிய பேரப்பிள்ளைகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பிறகு வேலிக்கு மேலால் என்னைப் பார்த்து, “அதை நிப்பாட்டச் சொல்லுங்க தம்பி” என்றார். லண்டன் பிள்ளைக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடியற்ற மாவட்டமென 2017 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. நல்ல செய்தி. ஆனால் அந்த அறிவிப்பு, அறியப்பட்ட வெடிநிலங்கள் துப்புரவாக்கப்பட்டதைக் குறிக்கும். மூன்று தசாப்தங்களாக எல்லாத் தரப்பாரும் எறிந்ததும் புதைத்ததும் கைவிட்டதுமான அனைத்தும் எழுந்து போய்விட்டன என்பதை எவரும் எழுதிக் கையொப்பமிடவில்லை. வடக்கில் போர் முடிந்தபின் பழைய இரும்பு பொறுக்கப்போய்க் கையையும் உயிரையும் இழந்தவர்கள் பலர். மிதிவெடி அகற்றுபவர் ஒவ்வோர் ஓசைக்கும் குறி வைத்து, பக்கவாட்டில் விரல் விரலாக மண்ணைச் சுரண்டி அணுகுவார். பொழுதுபோக்குக்காரர் மேலிருந்து மண்வெட்டியை இறக்குவார். ஓசை இருவருக்கும் ஒன்றுதான்.

வெடிபொருளுக்குப் பயந்து நிறுத்து என்று மட்டும் சொல்வதானால் இந்தக் கட்டுரை தேவையில்லை. ஒரு பொலிஸ் அறிவித்தல் போதும். சட்டத்தைச் சுட்டிக்காட்டவும் அதுவே போதும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு, அதாவது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாளுக்கு, முற்பட்ட காசு தொல்பொருளாகும். மண்ணுக்குள் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது, சொந்தக் காணியில் என்றாலும், குற்றம். ஆகவே ஜோர்ஜ் மன்னரின் சதம் தப்பியது. அதே குழியில் ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரையுள்ள துட்டு ஒன்று வந்திருந்தால் என் மருமகன் சட்டத்தின் மறுபக்கத்தில் நின்றிருப்பான். 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்து, 1796 வரை கரையோரத்தில் இருந்தவர்கள் ஒல்லாந்தர். அவர்களின் துட்டுக்கள் இந்தக் கரையில் கிடைப்பதில் வியப்பில்லை.

சட்டத்தைச் சொன்னதும் எங்கள் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். ‘யாருடைய சட்டம்? யாருடைய திணைக்களம்?’ என்கிறார்கள். இதற்கு வருகிறேன். அதற்கு முன், சட்டமே இல்லாவிட்டாலும் ஏன் தோண்டக் கூடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். நடந்த இடம் தெற்கே திசமகாராம.

அங்குள்ள அக்குருகொடவில் மண்ணைக் கிளறிய ஊரவர்களின் கைகளிலிருந்து பழங்காசுகள் ஏராளமாக வெளிவந்தன. அவற்றில் சிறிய ஈயக் காசுகளும் இருந்தன. அவற்றைத் தேடிச் சேர்த்து ஒஸ்மண்ட் போபேராச்சியும் விக்கிரமசிங்கவும் 1999 இல் நூலாக வெளியிட்டார்கள். சில காசுகளில் பிராமி எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் உண்டு என்பது பெரிய செய்தி. ஈழத்தின் தென்கோடியில், கிறிஸ்துவுக்கு அண்மித்த நூற்றாண்டுகளில், தமிழில் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டவர்கள் இருந்தார்கள்! எங்கள் மேடைகளில் அதைப் பலர் முழங்கியும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காசுகள் எந்த ஆழத்தில், எந்த ஓட்டுச் சில்லோடு, எந்தச் சாம்பல் படைக்கு மேலே கிடந்தன என்று கேட்டால் பதில் இல்லை. எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலத்தை மதிப்பிட வேண்டியிருக்கிறது. எழுத்தின் வடிவம் என்றால் ஒரு நூற்றாண்டு முன்னும் பின்னும் இழுபடும். இழுக்க விரும்புகிறவர் எந்தப் பக்கமும் இழுக்கலாம்.

அதே திசமகாராமவில் ஜேர்மன் ஆய்வாளர்கள் முறையாக அகழ்ந்தார்கள். ஆக அடியிலிருந்த படையில் ஒரு மட்பாண்டத் துண்டு, அதில் சில எழுத்துகள். ஏறத்தாழக் கி.மு. 200 என்று அதற்குக் காலம் குறித்தார்கள். 2010 இல் ஐராவதம் மகாதேவன் அதனைத் ‘திரளி முறி’ என்று தமிழாகப் படித்து எழுதினார். அந்த வாசிப்பை ஏற்காத அறிஞர்கள் இருக்கிறார்கள், விவாதம் நடந்தது. ஆனால் விவாதம் எழுத்தைப் பற்றியது. காலத்தை எவரும் வாயால் ஊதித் தள்ளிவிட முடியவில்லை. ஏன்? துண்டு கிடந்த படை அதற்குச் சாட்சி. உடைந்த சட்டித் துண்டுக்கு இருந்த அந்தச் சாட்சி, முழுமையான ஈயக் காசுகளுக்கு இல்லாமற் போயிற்று. சட்டித் துண்டைப் பார்த்து எந்தக் கருவியும் கூவாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் பின்னால் போகிறவர் காசை எடுப்பதற்காக அந்தத் துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டுத்தான் போவார்.

ஆனைக்கோட்டையில் 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கண்ட முத்திரையும் இப்படியே. சிறியதோர் உலோகப் பொருள். அது பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஒரு புதைகுழியில், மனித எலும்புகளோடும் மட்கலங்களோடும் கண்டெடுக்கப்பட்டதனால்தான் வடக்கின் ஆதிவரலாற்றில் அதற்கு அவ்வளவு பெரிய இடம். அதை ஒருவர் விடுமுறை நாளில் தோண்டியெடுத்து, கழுவி, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால்? ‘எங்கோ கிடைத்ததாம், என்னவோ எழுதியிருக்கிறதாம்’ என்ற அளவோடு முடிந்திருக்கும்.

இனி எங்கள் மாவட்டம். வாழைச்சேனைக்கு வடக்கே வாகரைப் பக்கத்தில் கதிரவெளியில் பெருங்கற்காலக் கல்லறைகள் இருப்பது ஆய்வாளர் அறிந்த செய்தி. ஆனால் மட்டக்களப்பின் பண்டைய வரலாறு என்று நாங்கள் இன்றும் பெரிதும் நம்பியிருப்பது ஏட்டுச்சுவடிகளை. எஃப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, அடுத்து 1964 இல் பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’. இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஏடு சொல்வதை மண் ஆதரித்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும் என்ற காலம் இது. கிழக்கில் முறையான அகழாய்வு நடந்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மிச்சமெல்லாம் இன்னும் திறக்கப்படாத கோவை. அந்தக் கோவையின் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்து, படம் மட்டும் உள்ள தாளை வைத்துக்கொண்டு எழுத்துள்ள தாள்களை எறிந்துவிடும் வேலைக்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று இருக்கிறது. எழுதக் கை தயங்குகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். எங்கள் மண்ணுக்குள் பழங்காலம் மட்டும் கிடக்கவில்லை. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாட்களின் பின் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் 184 பேர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் குருக்கள்மடத்தில் பயணத்தின் நடுவே மறிக்கப்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் கொன்று புதைத்தார்கள். இவர்களில் எத்தனை பேரின் எலும்பு எந்த மணலில் கிடக்கிறது? வேலிக்கு மேலால் என்னோடு பேசிய மூதாட்டியின் வீட்டிலும் காணாமற்போன ஒருவர் இருக்கிறார்.

2023 இல் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கண்காணிப்பில் அகழ்ந்து 2024 நடுப்பகுதிக்குள் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அங்கே எலும்போடு கிடைத்தவற்றில் இலக்கத் தகடுகளும் இருந்தன. தகடு என்றால் உலோகம். கருவி கூவும் பொருள். குழாய் வெட்டியவர்கள் நிறுத்தி அறிவித்ததால் அது ஒரு வழக்கின் சான்றாயிற்று. புதையல் தேடி ஒருவர் இரவில் தோண்டிக் கண்டிருந்தால், பயந்து மூடியிருப்பார், அல்லது தகட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

காசுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். நேரடியான தொடர்பு உண்டு. மன்னார் சதொச வளாகத்தில் 2018 இல் 300 இற்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் அகழப்பட்டதும், 2019 இல் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் கார்பன் அறிக்கை அவை 15 முதல் 17 ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை என்று சொன்னதும், அதை ஏற்பதா மறுப்பதா என்று சர்ச்சை எழுந்ததும் வாசகர் அறிந்தவை. இப்படிப்பட்ட இடத்தில், எலும்புக்கூட்டின் அருகே, கலையாத மண்ணில், ஆண்டு பொறித்த ஒரேயொரு காசு கிடந்தால் அதன் பெறுமதி என்ன? அந்த ஆண்டுக்கு முன்னர் அந்தக் குழி மூடப்படவில்லை என்று அது அடித்துச் சொல்லும். ஐம்பது சதக் குற்றி ஒன்று ஒரு கொலையாளியின் பொய்யை உடைக்கப் போதும். ஆனால் அது இருந்த இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் சட்டைப் பையில் இருந்தால் அது வெறும் ஐம்பது சதம்.

இப்போது பெரியவர்களின் கேள்விக்கு வருகிறேன். தொல்பொருள் திணைக்களத்தை நம்பலாமா? அவர்களின் ஐயத்துக்கு அடிப்படை இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர், பாதுகாப்புச் செயலாளர். அமைக்கப்பட்ட வேளையில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. இந்த இரு சமூகத்தவரும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் மரபுரிமைக்கு இப்படியொரு குழு! அதை அமைத்த ஜனாதிபதி 2022 இல் மக்களுக்குப் பயந்து நாட்டைவிட்டே போனார். ஆனால் அது விதைத்த பயம் போகவில்லை. காணிக்குள் ஒரு பழைய செங்கல் தெரிந்தால் காணியே போய்விடும் என்று நினைத்து, இரவோடிரவாகச் செங்கல்லை உடைத்து எறிகிற மனநிலை தமிழரிடமும் இருக்கிறது, முஸ்லிம்களிடமும் இருக்கிறது. ஓட்டமாவடியில் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இதில் மட்டும் ஒரே கருத்து.

இந்தப் பயத்துக்கு மருந்து ஒளித்துவைப்பது என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. ஐயா, உங்கள் எதிராளி என்ன சொல்கிறார்? உங்களுக்கு இந்த மண்ணில் வேர் இல்லை என்கிறார். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வேரைப் பிடுங்கி எடுத்து அலுமாரியில் பூட்டிவைத்துவிட்டு, ‘என்னிடம் வேர் இருக்கிறது, காட்ட மாட்டேன்’ என்கிறீர்கள். நாளைக்கு ஒரு நாள் காட்டினாலும், அது வாழைச்சேனை மண்ணில் எடுத்ததா, மதுரையில் விலைக்கு வாங்கியதா என்று எதிராளி கேட்டால் உங்களிடம் பதில் உண்டா? நந்தியும் ‘சேது’ என்ற சொல்லும் பொறித்த ஆரியச்சக்கரவர்த்திகளின் காசை இன்று யாரும் விலைகொடுத்து வாங்கலாம். வாங்கிய காசு வரலாறு சொல்லாது. திணைக்களம் திரிக்கும் என்று பயமானால், திரிக்க முடியாதபடி படங்களும் அளவுகளும் சாட்சிகளும் பல கைகளில் இருக்கச் செய்வதே வழி. பொருளை மறைப்பது திரிப்பவருக்குச் செய்யும் உதவி.

‘தினமலர்’ ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி செய்யவில்லையா என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. 2021 இல் மறைந்த அந்தப் பெரியவர் என் தொழில்காரர் என்பதில் எனக்குப் பெருமை. பாண்டியன் பெருவழுதியின் பெயர் பொறித்த செப்புக் காசை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவர். சங்ககாலத்தில் தமிழ் மன்னர்கள் காசு வெளியிடவில்லை என்று சொல்லிவந்தவர்களின் வாயை அடைத்தவர். அவர் அகழவில்லை. பழங்காசு வியாபாரிகளிடம் விலைகொடுத்து வாங்கினார். உண்மை. ஆனால் அவர் வாங்காவிட்டால் அவை உருக்குலைக்குப் போயிருக்கும். கரூரில் சேரர் காசுகள் பலவும் அமராவதி ஆற்று மணலில் அகப்பட்டவை. ஆறு ஏற்கெனவே படைகளைக் கரைத்து, சாட்சியை அழித்து, காசை மட்டும் மிச்சம் விட்டிருந்தது. அழிவின் வாயிலிருந்து மீட்பது ஒன்று. பத்திரமாக உறங்கிக் கிடப்பதைக் கிண்டி அழிப்பது வேறு. அவர் வாங்கியதையெல்லாம் பூட்டிவைக்காமல் படத்தோடு நூலாக்கினார் என்பதையும் அந்த நண்பர் மறந்துவிட்டார்.

‘வெள்ளைக்காரன் நாட்டில் விடுகிறார்களே’ என்பது பிள்ளைகளின் கேள்வி. விடுகிறார்கள், கட்டிப்போட்டுத்தான் விடுகிறார்கள். அங்கே 1996 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்கதைக் கண்டவர் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். காணிக்காரரின் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் கருவியைக் கொண்டுபோகவே கூடாது. 1997 இல் தொடங்கிய பதிவுத் திட்டத்தில் பொதுமக்கள் கண்டெடுத்த பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இடத்தோடும் படத்தோடும் பதிவாகியுள்ளன. மாவட்டந்தோறும் அதற்கென்றே அலுவலர்கள் இருக்கிறார்கள்.

அந்த நாட்டிலும் 2015 இல் லெம்ஸ்டர் ஊருக்கு அருகே இருவர் ஒரு வைக்கிங் காலப் புதையலைக் கண்டார்கள். ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அறிவிக்காமல் விற்றார்கள். 2019 இல் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார்கள். மீட்கப்பட்டவை சொற்பமே. அந்தச் சொற்பக் காசுகளில் சில என்ன சொல்லின தெரியுமா? அல்பிரட் மன்னரையும் மேர்சிய நாட்டுச் சியோல்வுல்ஃப் மன்னரையும் கூட்டாளிகளாகக் காட்டின. வென்ற தரப்பு எழுதிய நாளாகமமோ சியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பாவை என்று ஒதுக்கியிருந்தது. நாளாகமம் மறைத்ததை மண் வைத்திருந்தது. மகாவம்சத்தோடு மல்லுக்கட்டியே வயதாகிப்போன எங்களுக்கு இதைவிட வேறு பாடம் தேவையா? மிச்சக் காசுகள் இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருக்கும் என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஊருக்கு வரும்போது அந்தக் கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கிணறு வெட்டும்போது, வயல் உழும்போது, அத்திவாரம் தோண்டும்போது தானாக ஒரு காசு வெளிப்பட்டால் செய்ய வேண்டியது இதுதான். மேலும் தோண்டாதீர்கள். காசின் அருகே ஓர் அடிமட்டத்தை அல்லது தீப்பெட்டியை வைத்து, கிட்டவும் எட்டவுமாகப் படமெடுங்கள். கைத்தொலைபேசியில் இடக்குறியைச் சேமியுங்கள். ஆழத்தை அளந்து எழுதுங்கள். பக்கத்தில் ஓடு, எலும்பு, கரி, செங்கல் ஏதும் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். கழுவாதீர்கள், புளி போடாதீர்கள். படங்களைக் குறைந்தது மூன்று பேருக்கு அனுப்புங்கள். அதில் ஒருவர் பல்கலைக்கழகத்தாராக இருக்கட்டும். பிறகு சட்டப்படி அறிவியுங்கள். எலும்பு மனித எலும்பு என்று பட்டால் ஒரு பிடி மண்ணையும் அசைக்காமல் பொலிசுக்கும் நீதவானுக்கும் ஒரு சட்டத்தரணியின் மூலம் தெரியப்படுத்துங்கள்.

திணைக்களத்தாருக்கும் ஒரு சொல். மக்கள் காசைக் கொண்டுவந்து தரவில்லை என்று குறைப்படுவதற்கு முன், கொண்டுவருகிறவரிடம் தமிழில் பேச ஓர் அலுவலரை மட்டக்களப்பில் அமர்த்துங்கள். பொருளைப் பெற்றுக்கொண்டதற்குத் தமிழில் ஒரு பற்றுச்சீட்டுக் கொடுங்கள், அதில் கிடைத்த இடத்தையும் கொடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். காசு கிடைத்ததற்காகக் காணி பறிபோகாது என்பதைச் சுற்றறிக்கையாக வெளியிட்டு, கிராம அலுவலர் கந்தோர்களில் ஒட்டுங்கள். பொருளைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டு மறந்துபோகாமல், அதன் படத்தையும் விவரத்தையும் கிழக்குப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வாழைச்சேனையில் காசைக் கண்டெடுத்த கமக்காரர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அதைப் பார்க்க வந்தாறுமூலை வரை அரைமணி நேரப் பஸ் பயணம்தான்.